சூடு தாங்காத வைரம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரரிடம் பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஜரிகை விலையில் வந்துதான் நிற்கும். பட்டு விலை ஏறும், இறங்கும். ஜரிகையோ வெள்ளியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுவதையே வழக்கமாக வைத்திருக்கிறது. மார்க் கணக்கில் விற்பார்கள். ஒரு மார்க் சுமார் 240 கிராம். அசல் ஜரிகையில் தங்கம் பெயருக்குத்தான், அரை சதவீத அளவு. எடை போடுவது வெள்ளியும் செம்பும், நடுவில் ஓடும் பட்டு நூலும். பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்திலேயே அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையும் செய்கிறது. விலைக் கதையை வியாபாரிகளிடம் விட்டுவிடுவோம். எனக்கு இங்கே வேண்டியது, அந்தக் கம்பி நுழைந்து வந்த துளை.

கம்பி இழுப்பது பழைய தொழில். பொற்கொல்லர் பட்டறையில் ஓர் எஃகுத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள் இருக்கும். கம்பியின் நுனியைக் கூராக்கித் துளையில் விட்டு, மறுபக்கம் குறடால் பிடித்து இழுத்தால் கம்பி மெலியும், நீளும். ஜரிகைக்கும் அதே வேலைதான். உலோகக் கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியே இழுத்துக்கொண்டே போய், கடைசியில் உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றி முலாம் பூசுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் துளையின் அருமை விளங்கும். ஒரு கிலோ வெள்ளியை 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியாக இழுத்தால் நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். அத்தனை தூரமும் ஒரே துளையின் விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. உரசலில் துளை தேய்ந்து 0.105 மில்லிமீட்டர் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு; கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அதே நீளத்துக்கு 10 சதவீதம் அதிக வெள்ளி! நூல் கனத்துப் போய், தறியில் ஓடும்போது கரையின் ஒரு பக்கமும் மறுபக்கமும் ஒத்துப்போகாத தொல்லை வேறு. எஃகுத் துளை இந்த வேலைக்குத் தாங்காது. ஆகவேதான் மெல்லிய கம்பி இழுக்கும் டையில் வைரம் இருக்கிறது.

டை என்பது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோக வட்டு. நடுவில் ஒரு சிறு வைரத்தை உலோகப் பொடியில் பதித்து இறுக்கியிருப்பார்கள். வைரத்தின் ஊடே போகும் துளையை உருப்பெருக்கியில் பார்த்தால் அது நேர் குழாய் அல்ல. வாய் புனல்போல் அகன்றிருக்கும். பிறகு ஒரு கூம்பு. கம்பி உண்மையில் மெலிவது இங்கேதான். அதற்கடுத்து மிகக் குட்டையான ஒரு நேர்ப்பகுதி. கம்பியின் விட்டத்தை முடிவுசெய்வது இது. அதைத் தாண்டியதும் மறுபடி அகலும். கூம்பின் சுவரில் கம்பி முதலில் வந்து படும் இடத்தில் ஒரு வளையம்போலத் தேய்மானம் விழும். டை பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்த வளையத்தைத்தான்.

வைரத்திலும் இரண்டு வகை. ஒற்றைப் படிகத்தில் துளையிட்டது ஒன்று. ஆனால் வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. சில திசைகளில் சீக்கிரம் தேயும், சிலவற்றில் தேயவே தேயாது. வட்டத் துளை மெல்ல வட்டம் தப்பிவிடும். இதற்கு மாற்றாக வந்தது, நுண்ணிய வைரத்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த பலபடிக வைரம். ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசை பார்த்து இருப்பதால் தேய்மானம் சுற்றிலும் சமமாக விழும். ஒட்டுவதற்கு வழக்கமாகப் பயன்படுவது கோபால்ட். இந்த அத்தியாயத்தின் வில்லன் அதுதான்.

வெள்ளி, செம்பு விஷயத்தில் இந்த வில்லன் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பான். மெத்தென்ற உலோகங்கள், சோப்புக் கரைசல் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இழுக்கலாம். ஜரிகைக் கம்பியால் எந்த வைரமும் வெந்துபோனதில்லை. டங்ஸ்டன் கம்பி வேறு ஜாதி. குண்டு பல்பின் இழைக்காக அதைக் கம்பியாக்க முடியுமா என்று பலர் முட்டி மோதினார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1910 வாக்கில் வழி கண்டார். டங்ஸ்டனைச் சூடாக வைத்துக்கொண்டே இழுக்க வேண்டும், குளிரவிட்டால் ஒடிந்துவிடும். கம்பியும் சூடு, டையும் சூடு, எண்ணெயோ சோப்போ நிற்காத சூடு. கிராஃபைட் குழம்பைத்தான் மசகாகப் பூச வேண்டும். இங்கேதான் கேள்வி எழுகிறது: உலகத்திலேயே கடினமான பொருள் எத்தனை டிகிரி வரை தாங்கும்?

வைரம் எரியும் என்பது 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்தி. 1694-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு பெரிய குவிலென்ஸை வெயிலில் காட்டி வைரத்தின்மேல் குவித்தார்கள். வைரம் காணாமல் போனது. 1772-ல் பாரிஸில் லாவாய்சியர் அதே வேலையை மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் செய்து, கரி எரிந்தால் வரும் வாயுவே இதிலும் வருகிறது என்று காட்டினார். 1797-ல் ஸ்மித்சன் டெனன்ட் எடை போட்டுப் பார்த்து, வைரம் கார்பனைத் தவிர வேறில்லை என்று முடித்துவைத்தார். 1814-ல் ஹம்ஃப்ரி டேவி, உதவியாளராக இருந்த இளைஞர் ஃபாரடேயுடன் ஃபிளாரன்ஸ் போய், அங்கிருந்த லென்ஸிலேயே இன்னொரு வைரத்தை எரித்தார். ஐரோப்பிய அறிவியலில் இவ்வளவு செலவாளித்தனமான சோதனை வேறு உண்டா என்று தெரியவில்லை.

எரிவது ஒரு வகைச் சாவு மட்டுமே. காற்றில் சுமார் 700 டிகிரி செல்சியஸை ஒட்டி அது தொடங்கும். நுண்துகளாக இருந்தால் இன்னும் முன்பே. காற்றை அகற்றிவிட்டால் எரிய வழியில்லை, அப்போது இரண்டாம் வகைச் சாவு காத்திருக்கிறது. நாம் மூச்சுவிடும் அழுத்தத்தில் கார்பனுக்கு உகந்த வடிவம் வைரமல்ல, கிராஃபைட். மூக்குத்தியில் இருக்கும் வைரமும் கணக்குப்படி பென்சில் கரியாக மாறியிருக்க வேண்டியதுதான். மாறாததற்குக் காரணம், ஒவ்வொரு அணுவும் நான்கு பக்கமும் பிணைந்திருப்பதால் அந்தக் கட்டை அவிழ்க்க ஏகப்பட்ட ஆற்றல் தேவை. வெற்றிடத்திலோ ஆர்கானிலோ 1,500 டிகிரியை நெருங்கும்போதுதான் அந்தக் கட்டு மேற்பரப்பில் குறிப்பிடும்படி அவிழத் தொடங்குகிறது. 1,700-ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும்.

ஆக, காற்று படாமல் பார்த்துக்கொண்டால் தனியாக இருக்கும் வைரம் 1,400 டிகிரி வரை கவலையில்லாமல் இருக்கும். அதே வைரத்தைக் கோபால்ட்டோடு சேர்த்துவிட்டால் 700 டிகிரியிலேயே தகராறு. இந்தப் பாதிக்குப் பாதி வித்தியாசம் வைரத்தின் குணமல்ல, சேர்க்கையின் குணம். எந்த வைரக் கருவியைப் பற்றியும் ‘எத்தனை டிகிரி தாங்கும்’ என்று கேட்டால், ‘எதில் பதித்திருக்கிறது’ என்று திருப்பிக் கேட்பவர்தான் விஷயம் தெரிந்தவர்.

கோபால்ட் ஏன் இப்படிச் செய்கிறது? அதன் தொழிலே அதுதான். செயற்கை வைரம் செய்த கதையைப் பாருங்கள். ஸ்வீடனின் ஏசியா நிறுவனம் 1953-ல் செய்துவிட்டு வெளியில் சொல்லாமல் இருந்தது. 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டிரேசி ஹால் செய்ததை நிறுவனம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தது. கிராஃபைட்டை வெறுமனே நசுக்கிச் சூடாக்கினால் வைரம் வருவதில்லை. இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி ஓர் உலோகத்தை உருக்கிச் சேர்த்தால், கார்பன் அதில் கரைந்து, மறுபக்கம் வைரமாகப் படிகிறது. ஆற்றல் மலையைச் சுற்றிப் போக ஒரு குறுக்குவழி. பலபடிக வைரம் செய்யும்போதும் இதே உதவிதான்: 50,000 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், 1,400-1,500 டிகிரியில், கோபால்ட் உருகி வைரத்துகள்களுக்கு இடையே ஊறி, ஒரு துகளின் விளிம்பைக் கரைத்து இன்னொன்றோடு ஒட்டவைக்கிறது.

குறுக்குவழி இரண்டு திசையிலும் திறந்திருக்கிறது என்பதுதான் சிக்கல். அழுத்தம் இருந்தவரை வைரத்தின் பக்கம் ஓடிய போக்குவரத்து, அழுத்தம் போனதும் சூடு பட்டால் கிராஃபைட்டின் பக்கம் ஓடும். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேதியியலில் எனக்குத் தென்படவில்லை. போதாக்குறைக்கு விரிவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு டிகிரிக்குக் கோபால்ட் விரியும் அளவு, அறை வெப்பநிலையில் வைரம் விரிவதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். துகள்களுக்கு நடுவே அடைபட்டிருக்கும் உலோகம் சூட்டில் புடைத்துச் சுற்றியுள்ள வைரப் பிணைப்பைப் பிளக்கிறது.

பிளவுக்கு இன்னொரு காரணம் கிராஃபைட்டே. வைரத்தின் அடர்த்தி 3.52, கிராஃபைட்டினுடையது 2.26. ஒரே எடைக் கார்பன் வைரத்திலிருந்து கிராஃபைட்டாக மாறினால் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான இடம் கேட்கும். பிள்ளையார்பாளையத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயிலின் அடித்தளத்துக் கருங்கல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, காய்ந்த மர ஆப்பை அடித்து, தண்ணீர் ஊற்றிவிடும் பழைய முறை ஒன்று உண்டு; மரம் ஊறிப் புடைக்கும்போது பாறை வாய் பிளக்கும். வேறொரு கெட்டிப் பொருளுக்குள் பதிந்திருக்கும் வைரத்துகளின் மேல்தோல் கிராஃபைட் ஆகும்போது நடப்பதும் இதுவே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில். சுற்றியிருக்கும் பொருளில் விரிசல் ஓடும். குளிர்ந்த பிறகு துகளைப் பிடித்துக்கொள்ள வழுக்கும் கிராஃபைட் உறையைத் தவிர எதுவும் இராது. வேலையில் வைத்த உடனே துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சரி, வில்லனை வெளியேற்றிவிட்டால்? அதையும் செய்தார்கள். ஒட்டி முடித்த பலபடிக வைரத்தை அமிலத்தில் ஊறவைத்துக் கோபால்ட்டை அரித்தெடுப்பார்கள். மிச்சம் இருப்பது வைர எலும்புக்கூடு, நடுநடுவே வெற்று ஓட்டைகள். காற்றில்லாத இடத்தில் 1,200 டிகிரி வரை தாங்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைமுனைகளில் இப்போது வேலைசெய்யும் முகத்தை மட்டும் மெல்லிய அடுக்காக இப்படி அரித்துவிடுகிறார்கள். ஆனால் ஓட்டை விழுந்த பொருள் அடி தாங்குவதில் கொஞ்சம் சோடைதான்.

கோபால்ட் இருந்த இடத்தில் சூட்டுக்கு அஞ்சாத ஒரு பொருளை, அதாவது ஒரு செராமிக்கை, வைத்துவிடலாமே என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது. சொல்வது எளிது. செராமிக் என்பது பொடியை அழுத்திச் சுட்டு இறுக்குவது. அலுமினா இறுகுவதற்கு வழக்கமாக 1,500-1,600 டிகிரி வேண்டும். சிலிக்கான் நைட்ரைடுக்கு 1,700-க்கு மேல். சிலிக்கான் கார்பைடு 2,000 டிகிரி கேட்கும். மாவு வேகும் முன்னே பூரணம் கருகிவிடுகிற கதை. 1,500 டிகிரியில் சூளையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் வைரம் வைரமாக வெளியே வராது.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட எடுத்த முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சிலிக்கான் வழி. சிலிக்கான் 1,414 டிகிரியில் உருகுகிறது; வைரம் தாங்கும் எல்லைக்குச் சற்று உள்ளே. வைரத்துகளை அச்சில் போட்டு, ஓட்டைகளோடு கூடிய ஒரு வடிவமாக அழுத்திக்கொள்கிறார்கள். மேலே சிலிக்கானை வைத்து வெற்றிட உலையில் ஏற்றுகிறார்கள். உருகிய சிலிக்கான் கார்பனைக் கண்டால் விடாது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஓட்டைகளுக்குள் தானே ஏறும். ஏறிய இடத்திலெல்லாம் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. அந்தச் சேர்க்கையே சூட்டைக் கிளப்பும் வினை. கார்பைடு, தான் உண்ட கார்பனைவிட அதிக இடம் பிடிப்பதால் ஓட்டைகள் அடைபடுகின்றன. சூளையில் 2,000 டிகிரியில் மட்டுமே இறுகும் ஒரு செராமிக், இங்கே 1,500-க்குள் வைரத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது.

1990-களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் இதில் ஒரு தந்திரம் சேர்த்தார்கள். எல்லோரும் பயந்து ஓடிய கிராஃபைட்டை அவர்கள் வேண்டுமென்றே வரவழைத்தார்கள். வைர வடிவத்தை முன்னதாகக் கொஞ்சம் சூடாக்கி, ஒவ்வொரு துகளின் தோலும் மெல்லிதாக கிராஃபைட் ஆகும்படி விட்டார்கள். பிறகு சிலிக்கானை விட்டால், அது முதலில் விழுங்குவது அந்தத் தோலைத்தான். தோல் இருந்த இடத்தில் கார்பைடு. கார்பைடுக்கு உள்ளே சேதமில்லாத வைரம். காயம்பட்ட பாகமே ஒட்டும் பசையாக மாறிவிட்டது. கார்பைடு சுவர் எழுந்த பிறகு சிலிக்கான் உள்ளே போக வழியில்லாததால் வினை தானாக நின்றும் விடுகிறது. மிகை அழுத்தம் தேவையில்லை, ராட்சச அழுத்தப் பொறி தேவையில்லை. வைரத்துகள்கள் ஒன்றோடொன்று நேராக ஒட்டாததால் கோபால்ட் வகையின் கடினம் வராது என்பது உண்மை. விரிவில் மட்டும் வைரமும் சிலிக்கான் கார்பைடும் நல்ல அண்டைவீட்டார். கோபால்ட் விரிவதில் மூன்றில் ஒரு பங்குகூட கார்பைடு விரிவதில்லை.

அழுத்தத்தோடு இதையே செய்த வகையும் உண்டு. டி பியர்ஸ் நிறுவனம் ‘சின்டாக்ஸ்’ என்ற பெயரில் விற்ற, சிலிக்கான் கார்பைடால் பிணைத்த பலபடிக வைரம் 1,200 டிகிரி வரை நிலைத்தது. பாறை துளைப்பதற்கும் சூடான கம்பி இழுப்பதற்கும் அப்படிப்பட்ட பொருள்தான் வேண்டும்.

வைரத்தின் கதை இரும்பிடம் எடுபடாது. வைரத்தால் எஃகைத் தேய்க்கப் போனால், உரசும் புள்ளியில் எழும் சூட்டில் கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகும். கோபால்ட் செய்த அதே துரோகம், இந்த முறை கருவிக்குள்ளிருந்து அல்ல, எதிரே வேலைக்கு வைத்த பொருளிடமிருந்து. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் ஆலைகள் வந்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு எஃகைத் தேய்ப்பது அன்றாட விவகாரம். எஞ்சினின் கிராங்க் தண்டு, கேம் தண்டு போன்றவை கெட்டிப்படுத்திய இரும்பு. இவ்வகைப் பாகங்களை மைக்ரான் கணக்கில் தேய்த்து முடிக்க உலகெங்கும் கையாளும் துகள் கன போரான் நைட்ரைடு. பட்டறைப் பேச்சில் சிபிஎன்.

1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ராபர்ட் வென்டார்ஃப் இதைப் படைத்தார். படைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்; அதுவரை யாரும் கண்ணால் பார்த்திராத பொருள். கிராஃபைட்டுக்கு வைரம் எப்படியோ, அப்படி அடுக்கடுக்கான வெள்ளைப் போரான் நைட்ரைடுக்கு இந்தக் கன வடிவம். கடினத்தில் வைரத்தின் பாதியைச் சற்றுத் தாண்டும். இரும்போடு இதற்கு உறவில்லை, அதனால் கரைவதும் இல்லை. காற்றில் சூடாக்கினால் மேலே ஒரு போரிக் ஆக்சைடு படலம் உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கும். வைரம் சாம்பலுமில்லாமல் ஆவியாகும் சூட்டில் இது உட்கார்ந்திருக்கும். வெற்றிடத்தில் 1,300-1,500 டிகிரியில்தான் அடுக்கு வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அடர்த்தி 3.48-லிருந்து 2.3-க்கும் கீழே இறங்குவதால், புடைத்துப் பிளக்கும் அதே சங்கடம் இதற்கும் உண்டு.

சாணைச் சக்கரத்தில் இந்தத் துகள்களைக் கண்ணாடியால் ஒட்டுகிறார்கள். துகள், கண்ணாடிப் பொடி, இடைவெளி உண்டாக்க ஏதாவது ஒரு பொருள் எல்லாம் கலந்து அழுத்திச் சுட்டால், கண்ணாடி உருகித் துகள்களுக்கு இடையே பாலம் பாலமாக நிற்கும். இடைவெளிகள் முக்கியம், தேய்த்த இரும்புத் தூள் தங்கவும், குளிர்விக்கும் திரவம் போகவும் அவைதான் இடம். 1954-ல் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் சாணைச் சக்கரம் செய்துவரும் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்களின் மரபான அலுமினா சக்கரங்களை 1,200 டிகிரிக்கு மேல் சுடுவது வழக்கம். அந்தச் சூளையில் சிபிஎன் துகளை வைக்க முடியாது. வைரம், சிபிஎன் சக்கரங்களுக்கென்றே 1980-ல் தொடங்கி ஓசூரில் இயங்கும் வெண்ட் இந்தியா போன்ற ஆலைகளின் உலகம் வேறு: 1,000 டிகிரிக்குக் கீழே உருகும் போரோசிலிகேட் கண்ணாடிகள், கவனமாக ஏற்றி இறக்கும் சூடு.

குறைந்த சூட்டில் உருக வேண்டுமென்று கண்ணாடியில் சோடியம், பொட்டாசியம், லித்தியம் என்று கார ஆக்சைடுகளைத் தாராளமாகச் சேர்த்தால் அவை சிபிஎன்னின் காப்புப் படலத்தைக் கரைத்து உள்ளே அரிக்கத் தொடங்கும். வைரத்துக்குக் கோபால்ட், இதற்குக் காரம். சூளைக்குள் நீராவி இருந்தாலும் ஆபத்து. போரான் நைட்ரைடு சூட்டில் தண்ணீரோடு சேர்ந்து போரிக் அமிலமும் அம்மோனியாவும் ஆகும். அச்சில் அழுத்திய சக்கரத்தை நன்றாகக் காயவைக்காமல் சூளையில் ஏற்றுகிறவர், அம்மோனியா வாடை வந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

கண்ணாடி அல்லாமல் அலுமினா போன்ற கெட்டி செராமிக்குக்குள்ளேயே சிபிஎன்னையோ வைரத்தையோ பதிக்க நினைப்பவர்கள் கையிலெடுப்பது அவசரம். அச்சோடு சேர்த்து மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சி, நிமிடத்துக்கு 100 டிகிரிக்கும் மேலான வேகத்தில் சூடேற்றி, அழுத்திப் பிடித்து, சில நிமிடங்களில் இறக்கிவிடும் முறை இது. பிளாஸ்மா சுடுமுறை என்று பெயர், ஆனால் உள்ளே பிளாஸ்மா உண்டா என்பதே சர்ச்சை. படிக மாற்றத்துக்கு வெப்பநிலை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நேரத்தைத் திருடிவிட்டால் அதே 1,300-1,400 டிகிரியில் துகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்தில், துகள்களுக்கு முன்கூட்டியே சிலிக்கா போன்ற மெல்லிய மேற்பூச்சு பூசி, பிறகு இப்படிச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூச்சு ஒரு வேலி: செராமிக்குக்கும் துகளுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்கிறது, வடிவமாற்றம் தொடங்கும் மேற்பரப்பையும் கட்டிப்போடுகிறது. வைரத்துக்கு டைட்டானியம், குரோமியம், சிலிக்கான் பூச்சுகளும் இதே நோக்கத்தில்தான்.

தப்பியதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனை தராசு. கலவையின் அடர்த்தி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், ஓட்டை விழுந்திருக்க வேண்டும் அல்லது துகள் மாறியிருக்க வேண்டும். அடுத்தது எக்ஸ் கதிர். ஆனால் துகளின் தோலில் மட்டும் படிந்த கிராஃபைட்டை எக்ஸ் கதிர் கோட்டைவிடக்கூடும். அங்கே கைகொடுப்பது நம்மூர்க்காரர் ஒருவரின் பெயர் தாங்கிய முறை. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனின் விளைவை வைரத்தில் 1930-லேயே பதிவு செய்தவர் சி. ராமஸ்வாமி. வைரத்துக்கு 1,332 என்ற அலை எண்ணில் ஒற்றைக் கூர்ங்கோடு; கிராஃபைட்டுக்கு 1,580-ஐ ஒட்டி ஒரு கோடு. சுட்டு எடுத்த துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் லேசர் புள்ளியைத் துகளின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்திக்கொண்டே போனால், 1,332 மங்கி 1,580 எழும் இடம் தெரியும். சேதம் எவ்வளவு ஆழம் என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பழக்கம் எனக்கு ஒப்பவில்லை. அறை வெப்பநிலையில் அளந்த கடினத்தை முன்னே வைத்து, அலுமினாவைவிட இத்தனை மடங்கு என்று முழங்குவார்கள். கருவி அறை வெப்பநிலையில் வேலை செய்வதில்லை. துகள் தோலில் கால் மைக்ரான் கிராஃபைட் இருந்தாலும் கடின எண் பெரிதாக விழாது. ஆனால் அந்தத் துகள் முதல் நாளே உதிரும். பலமுறை சூடேற்றி இறக்கிய பிறகு எவ்வளவு எடை தேய்ந்தது என்ற எண்ணைத்தான் நான் தேடுவேன். அது பல கட்டுரைகளில் இருப்பதில்லை.

மூலப்பொருள் பக்கம் நிலைமை மாறிவருகிறது. 2023-24 மத்திய பட்ஜெட்டில் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கு ஓர் ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டு நிதி என்று அறிவித்தார்கள். அது சென்னை ஐ.ஐ.டி.க்குக் கிடைத்தது, சுமார் 243 கோடி ரூபாய். பேச்சு பெரும்பாலும் நகை வைரத்தைப் பற்றியே நடக்கிறது. வைரம் மலிந்தால் டைக்கும் வெட்டுக்கருவிக்கும் ஆகும் லாபத்தைப் பற்றி இன்னும் அதிகம் பேசலாம்.

சூடு தாங்குகிறது என்பதற்காக எல்லோரும் செராமிக் பிணைப்புக்கு மாறிவிடவில்லை, அதற்கு ஒரு பட்டறைக் காரணம் இருக்கிறது. கோபால்ட் பொல்லாதது என்றாலும் மின்சாரத்தைக் கடத்தும். மின் பொறியால் அரித்து வெட்டும் இயந்திரத்தில் கோபால்ட் வைரத்தை வேண்டிய வடிவத்துக்கு வெட்டிவிடலாம். கோபால்ட்டை எடுத்துவிட்டால் பொறி பாயாது, அந்த இயந்திரம் கைவிரித்துவிடும். போரான் கலந்து மின்சாரம் கடத்தும் வைரத்துகளைப் போட்டுச் செய்வது ஒரு வழி. இன்னொன்று லேசர். 1965-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வைர டையில் துளையிட ரூபி லேசரைக் கொண்டுவந்தது. தொழிற்சாலை வேலைக்கு லேசர் வந்ததில் அது மிக முந்தியவற்றுள் ஒன்று. அதற்கு முன் ஊசி முனையில் வைரத்தூளும் எண்ணெயும் தடவிச் சுற்றிச் சுற்றித் துளைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு துளைக்கு நாள்கணக்காகும். லேசர் ஒளி தெளிந்த வைரத்தை எளிதில் ஊடுருவிப் போய்விடும். முதல் துடிப்பில் ஒரு புள்ளி சூடேறி கிராஃபைட் ஆனால்தான், கருப்பான அந்தப் புள்ளி அடுத்தடுத்த துடிப்புகளை உறிஞ்சி ஆவியாகும். அதற்கு அடியில் இருக்கும் வைரம் புதிதாகக் கருக்கும். துளை முடிந்ததும் உள்சுவரில் ஒரு கரிய தோல் மிஞ்சும். அதோடு டையைக் கம்பிக்குக் கொடுத்தால் முதல் சில நூறு மீட்டரிலேயே விட்டம் மாறிவிடும் என்பதால், பழைய ஊசியும் வைரத்தூளும் அந்தத் தோலை உரித்து மெருகேற்றும் கடைசி வேலைக்கு இன்றும் மேசையில் இருக்கின்றன.